டெஸ்ட் பிரிண்டில் கோடு விடுகிறதா? சிரிஞ்சை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

தை முதல் முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையிலிருந்து எனக்கு இந்தப் போன் வரும். "அண்ணே, மெஜந்தா ஹெட் அடைச்சிடுச்சு. காலையிலேருந்து சொல்யூஷன் போட்டு அடிக்கிறேன், கோடு இன்னும் அதிகமாத்தான் விடுது." ஹெட் என்பது மெஷினில் இங்க்கைச் சொட்டாகத் தெளிக்கும் பாகம், சொல்யூஷன் அதைக் கழுவும் திரவம்.

மார்கழி முழுக்கக் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. மெஷின் ஒரு நாள் ஓடினால் மூன்று நாள் சும்மா நிற்கும். தை பிறந்ததும் ஊரே ஒரே நேரத்தில் பேனர் கேட்கும். அந்த அவசரத்தில் கை சிரிஞ்சுக்குப் போகிறது. நான் பார்த்த ஹெட்டுகளில் இங்க் காய்ந்து போனவை குறைவு. கை அழுத்திப் போனவைதான் அதிகம். அதனால் அந்தத் தம்பிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "ஒண்ணும் செய்யாம ரெண்டு டெஸ்ட் எடுத்துப் பாத்தியா?"

மன்னார்குடி, நீடாமங்கலம், பட்டுக்கோட்டை பக்கம் நான் வேலை பார்த்த கடைகளில் இருந்தது சால்வென்ட் (கரைப்பான்) இங்க்கில் ஓடும் 10 அடி ஃப்ளெக்ஸ் மெஷின், அதில் கோனிகா 512ஐ ஹெட். கீழே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான். 36 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 512 நாசில், அதாவது இங்க் வெளிவரும் ஓட்டை, வரிசைக்கு 256 வீதம் இரண்டு வரிசை. ஒரு சொட்டு 30 பிக்கோலிட்டர். ஒரு மில்லி இங்க்கில் மூன்று கோடிக்கு மேல் சொட்டு இருக்கிறது என்று கணக்குப் போட்டால், அந்த ஓட்டை எவ்வளவு சின்னது என்பது புரியும். துணியிலிருந்து உதிரும் ஒரு நூல் இழை அதற்கு மரக்கட்டை மாதிரி.

முதல் வேலை: இரண்டு டெஸ்ட் பிரிண்ட்

ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுங்கள். ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு, இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, இல்லாத கோடுகளைப் பேனாவால் சுழியுங்கள். படிப்படியாக இறங்கும் அந்தச் சின்னக் கோடு ஒவ்வொன்றும் ஒரு நாசில். இரண்டு தாளிலும் சுழி ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே ஏதோ அடைத்திருக்கிறது. இடம் மாறி மாறி விழுந்தால் ஹெட்டில் அடைப்பு இல்லை, காற்றோ பிரஷரோ காரணம். ஒரு வரிசை முழுதாகவே காணோம் என்றால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இந்த ஒரு சோதனையிலேயே வந்த போன்களில் நிறைய முடிந்துவிட்டன.

தேதி எழுதி அந்தத் தாளை ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். போன மாதத் தாள் இல்லாமல் இந்த மாதத் தாளைப் படிக்க முடியாது.

கோடு இருக்கிறது, ஆனால் சாய்ந்து விழுகிறது

நாசில் திறந்துதான் இருக்கிறது. அதன் வாயோரம் ஏதோ ஒட்டிக்கொண்டு சொட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சம்பா அறுவடை நேரத்தில், தை மாசியில், இது எங்கள் பக்கம் வாடிக்கை. அறுவடை மெஷின் ஓடும் வயல் பக்கத்தில் கடை இருந்தாலோ, சாலையிலேயே நெல் காயப்போட்டிருந்தாலோ, கருக்காய்த் தூசி ஜன்னல் வழியாக வந்து, ஹெட்டின் அடியில் நாசில்கள் இருக்கும் தகட்டில் உட்காரும். இங்க் ஈரம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்குச் சிரிஞ்ச் வேண்டாம். நூல் விடாத நான்-ஓவன் துணியைச் சொல்யூஷனில் நன்றாக நனைத்து, தகட்டின் அடியில் வைத்து, நாசில் வரிசை போகும் திசையிலேயே ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரு இழுப்புக்குப் பிறகு துணியின் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். காய்ந்த துணி படவே கூடாது. பனியன் துணி, டிஷ்யூ பேப்பர், காதுக்கு வைக்கும் பஞ்சுக்குச்சி எல்லாம் இழை விடும். ஸ்பாஞ்ச் நுனி உள்ள குச்சி கிடைத்தால் அது நல்லது. ஜன்னலுக்கு ஒரு வலை அடியுங்கள், அடுத்த அறுவடைக்குள்.

முதல் இரண்டு அடி நன்றாக வருகிறது, அப்புறம் கலர் மங்கிப் போகிறது

டெஸ்ட் பிரிண்டில் எல்லாக் கோடும் இருக்கும். முழுச் சிவப்புப் பின்னணியில் ஒரு கட்சி பேனரை ஓட்டிப் பார்த்தால் நடுவிலேயே வெள்ளைப் பட்டை வர ஆரம்பிக்கும். நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் சரியாகிவிடும், திரும்ப ஓட்டினால் திரும்ப வரும். ஹெட் இங்க்குக்காக ஏங்குகிறது என்று அர்த்தம். வாய்க்காலில் தண்ணீர் வராமல் கடைமடை வயல் காய்வது மாதிரி. வயலைக் கொத்தி என்ன பயன், மேலே எங்கே அடைப்பு என்று பார்க்க வேண்டும்.

பெரிய டேங்க்கிலிருந்து ஹெட் வரைக்கும் வரிசையாகப் பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறதா, டியூப் எங்கேயாவது மடிந்திருக்கிறதா, பம்ப் ஓடும்போது சப் டேங்க் (ஹெட்டுக்கு இங்க் கொடுக்கும் சின்ன டேங்க்) மிதவை மேலே வருகிறதா. இதெல்லாம் சரி என்றால் ஃபில்டரை மாற்றுங்கள். ஃபில்டர் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எப்போது மாற்றினோம் என்று தேதி எழுதி ஒட்டியிருந்தால் சந்தேகமே வராது.

ஒவ்வொரு டெஸ்ட்டிலும் வேறு வேறு இடம், அல்லது ஹெட் சொட்டுகிறது

ஹெட்டுக்குள் இருக்கும் இங்க் தானாகக் கீழே விழாமல் இருப்பது நெகட்டிவ் பிரஷரால். மேலிருந்து மெதுவாக இழுத்துப் பிடிக்கும் அந்த இழுப்பு குறைந்தால் சொட்டும், கூடினால் நாசில் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றுக் குமிழி உள்ளே நகர நகர, விடும் கோடும் இடம் மாறும்.

மீட்டரில் என்ன எண் சரி என்று என்னைக் கேட்பார்கள். உங்கள் மெஷின் நன்றாக ஓடும் நாளில் காட்டும் எண்ணைப் பெரிய எழுத்தில் மெஷின் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். கோளாறு வரும் நாளில் அதோடு ஒப்பிட்டால் போதும். எண் இறங்கியிருந்தால் டியூப் இணைப்புகளில் காற்றுக் கசிவு, அல்லது இழுப்பு டியூப்புக்குள் இங்க் ஏறி அடைத்திருக்கும்.

கரண்ட் போனால் இந்த இழுப்பும் போய்விடும், அதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு நாளில் பல தடவை போகும். ஒவ்வொரு தடவையும் இங்க் கொஞ்சம் சொட்டி, தகட்டில் படர்ந்து, காயும். ஹெட்டுக்கு மேலே வால்வு இருந்தால் கரண்ட் போன உடனே மூடுங்கள். நெகட்டிவ் பிரஷர் போர்டுக்கு மட்டுமாவது ஒரு யூ.பி.எஸ். போடுங்கள். ஹெட் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

ஒரு வரிசை முழுதும் திடீரென்று காணோம்

நேற்று வரை நன்றாக இருந்து, இன்று ஒரு வரிசையின் 256 கோடும் ஒரேயடியாக இல்லை. 256 ஓட்டையும் ஒரே ராத்திரியில் ஒன்றாக அடைபடுவது அரிது. கேபிளைப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, அந்த ஹெட்டின் கேபிளையும் பக்கத்து ஹெட்டின் கேபிளையும் மாற்றி மாட்டுங்கள். கோளாறு பக்கத்து ஹெட்டுக்குப் போனால் கேபிளோ, அது போய்ச் சேரும் சர்க்யூட் கார்டோ காரணம். அதே ஹெட்டிலேயே இருந்தால் ஹெட்டுக்குள் கோளாறு. மெஷின் ஆனில் இருக்கும்போது கேபிளைத் தொடவே தொடாதீர்கள். கனெக்டரில் ஒரு சொட்டு இங்க்கோ சொல்யூஷனோ இருந்தாலும் கரண்ட் கொடுத்த நொடியில் ஹெட்டும் கார்டும் சேர்ந்து போகும்.

மஞ்சள் பச்சையாக வருகிறது

முதலில் துடைத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரே துணியால் நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்து இழுத்திருந்தால் கலர் கலந்திருக்கும். கொஞ்சம் இங்க் தள்ளி, புதுத் துணியால் துடைத்து ஓட்டினால் தெளியும். தெளியவே இல்லை என்றால், இங்க் சொட்டிக் கலக்கிறதா என்று திரும்ப நெகட்டிவ் பிரஷரைப் பாருங்கள்.

டெஸ்ட் பிரிண்ட் சுத்தமாக இருந்து பேனரில் மட்டும் சீரான இடைவெளியில் பட்டை விழுந்தால் அது ஸ்டெப் அளவு, அதாவது ஃப்ளெக்ஸ் ஒவ்வொரு தடவையும் முன்னே நகரும் தூரம். சாஃப்ட்வேரில் திருத்துங்கள், ஹெட்டைத் தொடாதீர்கள்.

ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும் கோடு இல்லை

இதுதான் நிஜ அடைப்பு. இங்கேதான் கைவேலை. அவசரம் இருந்தால் இன்றைக்குத் தொடாதீர்கள். இருக்கும் கோடுகளை வைத்து பாஸ் எண்ணிக்கையை (ஒரே இடத்தின் மேல் ஹெட் ஓடும் தடவையை) கூட்டி அந்த ஆர்டரை ஓட்டி முடித்துவிட்டு, கடை சாத்தும் நேரத்தில் ஆரம்பியுங்கள்.

என்ன அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். சால்வென்ட் இங்க்கில் நிறத்தூளும் பிசினும் இருக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் பிசின் இறுகிப் படலமாகிவிடும். அந்தப் படலம் அதே வகைக் கரைப்பானில் திரும்பக் கரையும், ஆனால் நேரம் கேட்கும். காய்ந்த சாதப் பருக்கையைச் சுரண்டினால் பாத்திரம் கீறும். தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தானே விடும். ஹெட்டும் அப்படித்தான்.

முதலில் மெஷினிலேயே இங்க் தள்ளும் பட்டனை இரண்டு நொடி அழுத்துங்கள். தகட்டில் தொங்கும் இங்க்கைப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு துடைத்து டெஸ்ட் எடுங்கள். புது இங்க்கிலேயே கரைப்பான் இருப்பதால் லேசான அடைப்பு இதிலேயே போய்விடும். இரண்டு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், இங்க் வீண்.

போகவில்லை என்றால் ஊறல். நான்-ஓவன் துணியை நாலாக மடித்து, சொல்யூஷனில் ஊறவைத்து, ஒரு தட்டில் வைத்து, ஹெட் தகடு அதன்மேல் லேசாகப் படும்படி, ஹெட்டுகளைத் தாங்கி ஓடும் கேரேஜை இறக்குங்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டால் ஆவியாகாது. ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் துடைத்து, கொஞ்சம் இங்க் தள்ளி, டெஸ்ட். சுழி குறைந்திருந்தால் அடுத்த ராத்திரியும் ஊறல்தான். குறையும் வரைக்கும் சிரிஞ்ச் தேவையில்லை.

சொல்யூஷன் எது? உங்கள் இங்க் வாங்கும் இடத்தில் அதே இங்க்குக்குக் கொடுப்பது மட்டும். பெயின்ட் கடைத் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஹெட்டுக்குள் இருக்கும் பசையையும் சேர்த்துத் தின்றுவிடும். புது பாட்டில் வாங்கினால் ஒரு கண்ணாடிக் குப்பியில் பத்துச் சொட்டுச் சொல்யூஷனில் ஒரு சொட்டு இங்க் விட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் வழியும் நிறம் வழவழப்பாக இருந்தால் சரி. ரவை மாதிரி திரிந்து ஒட்டினால் அந்தச் சொல்யூஷன் உங்கள் ஹெட்டுக்குள் போகக் கூடாது.

இனி சிரிஞ்ச். 50 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். மெடிக்கலில் கைக்குக் கிடைக்கும் 5 மில்லி வேண்டாம். கட்டைவிரலின் அதே அழுத்தத்துக்கு 5 மில்லி சிரிஞ்சில் வரும் பிரஷர் 50 மில்லியில் வருவதைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. மெலிந்த குழாயில் தள்ளுவது எளிதாகத் தெரியும், அதனால்தான் அது ஆபத்து. சிரிஞ்சின் கறுப்பு ரப்பர் சால்வென்ட்டில் உப்பித் துகள் விடும், அதனால் ஒரு ஹெட்டுக்கு ஒரு புது சிரிஞ்ச்.

டிரிப்ஸ் டியூப்பை வெட்டி மாட்டுவது நம்மூரில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். அது பி.வி.சி. நம் இங்க்கில் இருக்கும் சைக்ளோஹெக்சனோன் பி.வி.சி.யைக் கரைக்கும் திரவம். ஃப்ளெக்ஸில் இங்க் கடித்து நிற்பதே அதனால்தான். ஃப்ளெக்ஸைக் கடிப்பது டியூப்பையும் கடிக்கும், கரைந்தது நேராக நாசிலுக்குள் போகும். மெஷினில் இங்க்குக்கு வரும் அதே டியூப்பில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஃபில்டர் கட்டாயம்.

மெயினை அணைத்து, ஹெட்டைக் கழற்றி, கனெக்டர் பக்கம் மேலே இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கனெக்டரைக் காய்ந்த துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றி மூடுங்கள். ஹெட்டில் டியூப் மாட்டும் முனை இரண்டு இருந்தால், முதலில் இரண்டையும் திறந்து வைத்து ஒன்றில் சொல்யூஷன் விட்டு மற்றதில் வெளியே வரவிடுங்கள். உள்ளே இருக்கும் பழைய இங்க் நாசில் வழியாகப் போகாமல் இந்த வழியாகவே போய்விடும். நிறம் வெளுத்த பிறகு இரண்டாவது முனையை மூடி, நாசில் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே ஒரு விரலின் பாரம் போதும். நகரவில்லை என்றால் நிறுத்துங்கள். அழுத்தத்தைக் கூட்டாமல் ஊறலுக்குத் திரும்புங்கள்.

சரியாகப் போகும்போது தகட்டுக்குக் கீழே ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி மெல்லிய நூல்கள் நேராக இறங்கும். பல் விழுந்த இடம் அடைப்பு. ஒரு நூல் பக்கத்து நூலோடு போய் ஒட்டிக்கொண்டால் அது வாயோர அழுக்கு, டெஸ்ட்டில் சாய்ந்த கோடாகத் தெரிந்தது அதுதான். பல் விழுந்த இடத்துக்கு எதிர் வழியும் உதவும். தகட்டை நன்றாகத் துடைத்துவிட்டு, சுத்தமான சொல்யூஷன் உள்ள தட்டில் தகடு மட்டும் தொடும்படி வைத்து, சிரிஞ்சால் அரை மில்லி மெதுவாக மேலே இழுங்கள். உள்பக்கம் உட்கார்ந்த துகளை முன்னோக்கித் தள்ளினால் இன்னும் இறுகும், பின்னோக்கி இழுத்தால் விடுபடும். இழுத்ததை அப்படியே திரும்பத் தள்ளாமல் முதலில் இரண்டாவது முனை வழியாக வெளியேற்றிவிடுங்கள்.

அல்ட்ராசோனிக் தொட்டியில் போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. அழுக்கை உதிர்க்கும் அதே அதிர்வு ஒட்டுகளையும் உதிர்க்கும்.

கஜாவுக்குப் பிறகு நான் கற்றது இது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரை ஏறியது. எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கிடைத்து மெஷினைத் திறந்தபோது நாலு ஹெட்டின் அடியிலும் இங்க் சொட்டிக் காய்ந்து தார் மாதிரி கிடந்தது. ஊரெல்லாம் தென்னை சாய்ந்து கிடக்க, கடைக்கு வந்த முதல் ஆர்டர் ஒரு கண்ணீர் அஞ்சலி. கறுப்பு இல்லாமல் அதை அடிக்க முடியாது. கறுப்பு ஹெட்டை எடுத்து 5 மில்லி சிரிஞ்சால் தள்ளினேன். நகரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தள்ளினேன். உள்ளே மெல்லிசாக ஒரு விரிசல் கைக்குத் தெரிந்தது, அப்புறம் சொல்யூஷன் தாராளமாகப் போனது. திறந்துவிட்டது என்று நினைத்து மாட்டினேன். தகட்டின் ஓரத்திலிருந்து இங்க் கசிந்தது. நாசில் வழியாக ஒரு கோடுகூட நேராக வரவில்லை. அந்த ஹெட் அன்றோடு முடிந்தது. அந்தப் பேனரைப் பக்கத்து ஊரில் கொடுத்து அடித்துக் கொடுத்தோம்.

நீல ஹெட்டை மூன்று நாள் ஊறவைத்தேன். முதல் நாள் துணி கரும்பச்சையாக ஊறியது. இரண்டாம் நாள் நூல்கள் பாதி இறங்கின. மூன்றாம் நாள் மாலை டெஸ்ட்டில் ஒன்பது சுழிதான் இருந்தன. அந்த ஹெட் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடியது.

வேலை செய்யும் அறை

சைக்ளோஹெக்சனோன் 44 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை அறை அதற்கு ரொம்பத் தூரமில்லை. வெள்ளிக்கிழமை கற்பூரத்தை மெஷின் அறைக்குள் காட்டாதீர்கள், சாமி படத்தை முன் அறையில் மாட்டுங்கள். ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் உள்ளே வேண்டாம். ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். சாதாரண ரப்பர் கையுறை சால்வென்ட்டில் உப்பிவிடும். நனைந்த துணிகளை மூடி உள்ள தகர டப்பாவில் போடுங்கள். கழிவுச் சொல்யூஷனை வாய்க்காலில் ஊற்றவே கூடாது. அந்தத் தண்ணீர் யாருடைய நாற்றங்காலுக்கோ போகிறது. கேனில் சேர்த்து வைத்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

திரும்ப மாட்டும்போது கனெக்டர் முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். ஹெட்டுக்குள் இருக்கும் சொல்யூஷன் வெளியேறி இங்க் நிறையும் வரைக்கும் முதல் சில டெஸ்ட்கள் வெளுப்பாக வரும், அதைப் பார்த்துத் திரும்பக் கழற்றாதீர்கள். அடுத்த மார்கழியில் மெஷின் சும்மா இருக்கும் நாட்களில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று டெஸ்ட் பிரிண்ட் ஓட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் இங்க்கை வெளியேற்றி, ஹெட்டைச் சொல்யூஷனால் நிரப்பி மூடி வையுங்கள்.